தவிட்டுக்கு விற்ற நாய்

நாய்க்கு மருந்து வைக்கிறேன் என்று ஒருவன் வாசலில் வந்து நின்றால், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் அதற்கு ஒரே அர்த்தம்தான். இறைச்சித் துண்டுக்குள் எதையோ பொதிந்து தெருவில் போட்டுவிட்டுப் போவார்கள். தின்ற நாய் சாக்கடை ஓரத்தில் விறைத்துக் கிடக்கும். அதனால், பல் டாக்டரிடம் அந்த மாதம்தான் உதவியாளாகச் சேர்ந்த மாரிஸ் ஒருநாள் மாலை வந்து, "அக்கா, எங்க தொரை நாய்ங்களுக்கு மருந்து வைக்கிறாரு. உங்க சார்ஜனுக்கும் வைக்கச் சொல்லவா?" என்று மரியாதையாகக் கேட்டபோது, பவுனம்மாள் தோசைக் கரண்டியோடு எழுந்து வந்ததில் தப்பே இல்லை.

"ஏண்டா, உன் தங்கச்சி புள்ள பெத்தப்ப பத்தியச் சோறு ஆக்கிப் போட்டவ நானு. என் நாயைக் கொல்லணும்னு எங்கிட்டயே வந்து கேக்கிறியா?"

மாரிஸ் இரண்டு படி பின்வாங்கினான். சலவை மடிப்புக் கலையாத கால்சட்டை, படிய வாரிய தலை, ஞாயிறு தவறாமல் மாதா கோயில். பிள்ளை தங்கமான பிள்ளைதான். அவனிடம் இருந்த ஒரே குறை, தனக்கு இரண்டு பாஷையும் நன்றாகத் தெரியும் என்ற நம்பிக்கை. ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல, இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் சிந்தாமல் ஊற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"ஐயோ அக்கா, அந்த மருந்து இல்ல. பல்லுக்குள்ள வைக்கிற மருந்து. கண்ணுக்குக் கீழ ஒடைஞ்சு சீழ் வடியுதே, அது வெளிக்காயம் இல்ல. மேல்பல்லு வேர்ல சீழ் கோத்திருக்கு. பல்லைப் புடுங்காம, வேருக்குள்ளயே மருந்து வச்சு ஆத்துவாரு எங்க தொரை."

பவுனம்மாள் கரண்டியைக் கீழே இறக்கினாள்.

சார்ஜன் அடுப்படி மூலையில் முகத்தைச் சுவரில் சாய்த்துக்கொண்டு கிடந்தது. கறுப்பு உடம்பும் மார்பில் வெள்ளைப் பட்டையுமாக இருக்கும் கம்பத்து நாட்டு நாய். குட்டியாக ஒரு கூட்ஸ் வண்டிக்கு அடியில் கிடந்ததை அவள் புருஷன் அய்யாவு, ரயில்பாதை ரிப்பேர் கூட்டத்தில் வேலை செய்பவன், சட்டைக்குள் போட்டு எடுத்து வந்தான். வளர்ந்த பிறகு வாசலில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து, போகிற வருகிறவர்களையெல்லாம் போலீஸ் சார்ஜன்போல முறைத்துப் பார்த்ததால் அந்தப் பேர் வந்தது. இப்போது அந்த மிடுக்கெல்லாம் போய், இடது கண்ணுக்குக் கீழே எலுமிச்சை அளவுக்கு வீங்கி, நடுவில் ஓட்டை விழுந்து நாற்றமெடுத்தது. சோறு தின்னவில்லை. வாயில் எச்சில் வடிந்துகொண்டே இருந்தது. தொட்டால் பல்லைக் காட்டியது.

எச்சில் வடிகிற நாய் என்றால் லயத்துக்கு என்ன தோன்றும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊரெங்கும் வெறிநாய்ப் பேச்சாக இருந்த காலம். மேஸ்திரி பழனியப்பன் அன்று காலையில்தான் வாசலில் நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"வெறி புடிச்சிருச்சும்மா. புள்ளைங்க நடமாடுற எடம். நீங்களா அடிச்சுப் போட்டா சரி. இல்லாட்டி ஆபீஸ்ல சொல்லி ஆள வரவச்சுச் சுடச் சொல்லிருவேன்."

பவுனம்மாள் இரண்டு பிள்ளை பெற்றவள். இரண்டுமே ஒரு வயதைப் பார்க்கவில்லை. அதைப்பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை, பேசுவதற்கு அந்த வீட்டில் ஆளும் இல்லை. அய்யாவு விடிந்தால் பாதைக்குப் போய்விடுவான். பேச்சுக்கு இருந்தது சார்ஜன்தான். 'என்னடா, இன்னைக்கு மீன் ரொம்ப வெலை சொல்றான்' என்று அவள் ஆரம்பித்தால் அது காதை ஆட்டிக்கொண்டு கேட்கும். அந்த நாய் செத்தால் தானும் இருக்கமாட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. இதை அவள் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள், அதனால் சொல்லவில்லை.

அய்யாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. "வெள்ளைக்காரன் எதுக்குடா நம்ம நாய்க்கு மெனக்கெடணும்?"

"அண்ணே, இப்ப பல்லுவலின்னு போனா என்ன பண்றாங்க? கொறட்டால புடுங்கிப் போட்டுர்றாங்க. இவரு புடுங்காமலே வேரை ஆத்த முடியும்னு சொல்றாரு. எந்த மருந்துக்கு நல்லா ஆறுதுன்னு மொதல்ல நாய்ங்களுக்கு வச்சுப் பாக்குறாரு. பாத்து எழுதி லண்டனுக்கு அனுப்புவாரு. அப்புறம் ஊர்ல யாரும் பொக்கை வாயா இருக்க வேணாம்."

அய்யாவு தன் வாயிலிருந்த ஓட்டையை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டு, போய்ப் பார்க்கலாம் என்றான்.

பெல்லமி துரையின் பங்களா கோயிலைத் தாண்டி மேட்டின்மேல் இருந்தது. முன்கட்டில் மனுஷர்களுக்குப் பல் பார்ப்பார். பின்கட்டில் கூண்டுகளில் நாலைந்து நாய்கள். எல்லாமே அந்த மழைக்காலத்தில் புதிதாக வந்தவை. பவுனம்மாள் சாக்குத் துணியில் சுற்றிய சார்ஜனைக் குழந்தையைப்போல் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்றாள். துரை ஒல்லியான ஆள். வெயில் பட்டுக் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. அவர் சார்ஜனை உடனே தொடவில்லை. கையை நீட்டி மோந்து பார்க்கவிட்டு, ஏதோ முணுமுணுத்துவிட்டு, பிறகு மெதுவாக உதட்டைத் தூக்கினார். யாரையும் கிட்டே அண்டவிடாத நாய், ஒரு உறுமலோடு விட்டுவிட்டது. பவுனம்மாளுக்கு அந்த இடத்திலேயே அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

மேல்வரிசையில் உள்ளதிலேயே பெரிய பல் குறுக்கே விரிசல் விட்டிருந்தது. எலும்போ, தண்டவாளத்துக் கல்லோ கடித்திருக்கும். அதன் வேருக்கு நேர்மேலேதான் கண்ணின் கீழ்ப்பக்கம் வருகிறது என்று துரை விரலால் காட்டினார். பிறகு மாரிஸிடம் இங்கிலீஷில் நிறையப் பேசினார். மாரிஸ் திரும்பினான்.

"தொரை ஒண்ணு கேக்குறாரு அக்கா. வைத்தியம் ஆரம்பிக்கணும்னா நாயை அவருக்கே குடுத்துறணுமாம். இங்க விட வேணாம். உங்க வீட்டுலயே இருக்கட்டும், நீங்களே சோறு போடுங்க. கூப்புடுறப்ப கொண்டாந்தா போதும். ஆனா நாய் அவரோடது. அதுக்குச் சம்மதமான்னு நல்லாக் கேட்டுக்கச் சொல்றாரு."

வேறொருத்தியாக இருந்தால், எதற்கு என்று கேட்டிருப்பாள். பவுனம்மாளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அது சந்தோஷக் கண்ணீர்.

அவளுடைய தாய்க்கு வரிசையாகப் பிள்ளைகள் பிறந்து பிறந்து செத்தன. கடைசியாகத் தம்பி பிறந்தபோது, அடுத்த வீட்டு எண்ணெய்க்காரியைக் கூப்பிட்டு, ஒரு மரக்கால் தவிட்டை வாங்கிக்கொண்டு பிள்ளையை அவளுக்கு விற்றுவிட்டாள். பிச்சைமுத்து என்று பேர் வைத்தார்கள். சாவு வாசலில் வந்து நின்று, இந்த வீட்டுப் பிள்ளை எங்கே என்று கேட்டால், இது எங்கள் பிள்ளையே இல்லை, விற்றுப்போன பிள்ளை என்று சொல்லி அதை ஏமாற்றி அனுப்புகிற வித்தை அது. அந்தப் பிச்சைமுத்து இன்றைக்குக் காப்பார் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிக்கொண்டு கல்லுப்போல் இருக்கிறான். விற்ற பிள்ளை பெற்றவள் வீட்டில்தான் வளரும். வாங்கியவள் ஒருநாளும் வந்து தூக்கிக்கொண்டு போகமாட்டாள். அதை யாரும் யாருக்கும் சொல்லிவைப்பது கிடையாது. சொல்லாமலே தெரிந்த விஷயம்.

தன் பிள்ளைகளுக்கு அவள் அதைச் செய்யவில்லை. முதல் பிள்ளைக்குத் தோன்றவில்லை, இரண்டாவதற்குத் தோன்றியபோது நேரமில்லை. அந்த ஆற்றாமை அவளுக்குள் இத்தனை வருஷமாகக் கிடந்தது. இப்போது வைத்தியம் பார்க்கப்போகிற துரையே, நாயை என்னுடையதாக ஆக்கிவிட்டு வீட்டில் வைத்து வளர்த்துக்கொள் என்கிறார். வெள்ளைக்காரருக்கும் இந்த முறை தெரிந்திருக்கிறதே என்று அவளுக்கு மெய்சிலிர்த்தது.

"நூறு தடவ சம்மதம்னு சொல்லு தம்பி. ஆனா சும்மா குடுத்தா பலிக்காது. தவிட்டுக்கு வாங்கிக்கச் சொல்லு. ஒரு கை தவிடு போதும்."

மாரிஸ் ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இந்தப் பெண் முழுச் சம்மதத்தோடு நாயை விற்கிறாள், விலையாகக் கொஞ்சம் தவிடு கேட்கிறாள் என்று இங்கிலீஷில் சுத்தமாகச் சொன்னான். அவனுக்கும் அந்த வழக்கம் காதில் விழுந்ததுதான். ஆனால் அது மூட நம்பிக்கை, துரையிடம் போய் அதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தால் நம்மைப்பற்றி என்ன நினைப்பார் என்று விட்டுவிட்டான். துரை சிரித்துவிட்டுச் சமையல்காரனைக் கூப்பிட்டார். கோழிக்கு வைத்திருந்த தவிடு ஒரு சிரட்டையில் வந்தது. பவுனம்மாள் முந்தானையை விரித்து நீட்டினாள். துரை, வேடிக்கைக்குத் தலையைக் குனிந்து வணங்கி, அதில் கொட்டினார்.

"வித்துட்டேன் தொரை. இனிமே அது உங்க புள்ள" என்றாள் பவுனம்மாள். முந்தானை முடிச்சோடு அவள் வீட்டுக்குப் போனபோது, பாதி வியாதி அப்போதே தீர்ந்துவிட்டது என்று நினைத்தாள்.

துரை மறுநாளே நாய்க்குக் கழுத்துவார் ஒன்றும், தம் பெயர் வெட்டிய பித்தளை வில்லை ஒன்றும் கொடுத்தனுப்பினார். பழனியப்பன் அதைப் படிக்கத் தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொரையோட நாய் என்று மாரிஸ் சொன்னதும், வெறி என்ற பேச்சை மேஸ்திரி அப்புறம் எடுக்கவேயில்லை.

வைத்தியம் லேசுப்பட்டதாக இல்லை. தகரக் கூம்புக்குள் பஞ்சை வைத்து, குளோரோபாம் சொட்டி மூக்கில் வைப்பார்கள். அந்த வாடைக்கு சார்ஜன் துள்ளும். முதல் நாள் சமையல்காரன் பிடிக்கப் போய்க் கடி வாங்கினான். மாரிஸ் கிட்டேயே போகவில்லை. கடைசியில் பவுனம்மாள் மேசையோரம் மண்டியிட்டு, நாயின் தலையைத் தன் கழுத்தோடு அணைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லடா, அம்மா இருக்கேன்லடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போயிற்று. அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் தலையைப் பிடிப்பது அவள் வேலை என்று ஆயிற்று.

துரை காலால் மிதித்துச் சுழற்றும் துரப்பணத்தால் பல்லில் துளை போட்டார். உள்ளேயிருந்து வந்த நாற்றத்துக்கு அய்யாவு வெளியே ஓடிவிட்டான். தலைமுடி கனத்துக் கம்பியை வேருக்குள் விட்டு அழுகியதையெல்லாம் சுரண்டி எடுத்துக் கழுவி, பஞ்சைத் திரியாக முறுக்கி மருந்தில் தோய்த்து, மூன்று வேருக்குள்ளும் ஆழமாகத் திணித்தார். கிராம்பெண்ணெயும் தாரும் கலந்த மாதிரி வாடை. மேலே பிசின்போல் ஒன்றை வைத்துத் துளையின் வாயை அடைத்தார்.

"இதுக்கு டிரெஸ்ஸிங்னு பேரு அக்கா" என்றான் மாரிஸ்.

"அப்படின்னா?"

"டிரெஸ்ஸுன்னா சட்டை. டிரெஸ்ஸிங்னா..." மாரிஸ் கொஞ்சம் தடுமாறினான். "பல்லுக்குள்ள போடுற சட்டைன்னு வச்சுக்குங்க."

அதுமுதல் லயத்தில் யார் கேட்டாலும், "சார்ஜனுக்குப் பல்லுக்குச் சட்டை மாத்தப் போறோம்" என்பாள். கேட்டவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மருந்துத் திரியை எடுத்துவிட்டுப் புதுத் திரி வைக்க அவ்வப்போது கூப்பிட்டுவிடுவார்கள். முடிந்ததும் துரை கையைக் கழுவுவார். இவள் பின்படிக்கட்டில் போய் உட்கார்ந்திருப்பாள். மயக்கம் தெளிந்ததும் சார்ஜன் கள்ளுக்கடையிலிருந்து வருகிறவன்போலத் தள்ளாடிக்கொண்டு வந்து அவள் மடியில் விழும். பிறகு இருவரும் நடந்து வீடு வருவார்கள்.

தீபாவளி மழையில் தொடங்கியது, தைப்பூசம் வருவதற்குள் வீக்கம் வடிந்தது. ஓட்டை காய்ந்து பொருக்குத் தட்டி, பொருக்கு உதிர்ந்து, அந்த இடத்தில் மயிர்கூட முளைத்துவிட்டது. துரை கடைசித் திரியையும் எடுத்துவிட்டு வேர்களை நிரந்தரமாக அடைத்தார். இன்னும் கொஞ்ச காலம் போகட்டும் என்று சொல்லி அனுப்பினார். சார்ஜன் சோறு தின்றது. வாசலில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தது. மேஸ்திரியை ரயில்வே கேட் வரைக்கும் விரட்டிக்கொண்டு போனதை லயமே பார்த்து ரசித்தது. பவுனம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. பத்துமலைக்குப் பால்குடம் எடுத்து, முருகனுக்கு ஒரு கும்பிடும், வரும் வழியில் பங்களா இருந்த பக்கம் பார்த்து ஒரு கும்பிடும் போட்டாள்.

பங்குனி பிறந்திருந்தது. மாரிஸ் வந்து சொன்னான்: "புதன்கிழமை கொண்டாரச் சொன்னாரு அக்கா. இதான் கடைசியாம். அன்னைக்கு நான் கெள்ளான் தொறமுகத்துக்குப் போறேன். கப்பல்ல தொரைக்குப் பெட்டி வந்திருக்கு, எடுத்துட்டு வரணும். நீங்க போங்க, அவருக்குக் கொஞ்சம் மலாய் தெரியும்."

புதன்கிழமை காலையில் அவள் சார்ஜனைக் குளிப்பாட்டித் துவட்டிக் கூட்டிக்கொண்டு போனாள். வழி தெரிந்த நாய், முன்னால் ஓடியது. துரை வழக்கம்போல் அதன் காதைச் சொறிந்துகொடுத்தார். அதுவும் வாலை ஆட்டிக்கொண்டு தானாகவே மேசைக்கு அருகில் போய் நின்றது. இவள் அதை மேசைமேல் தூக்கிக் கிடத்திவிட்டு, மண்டியிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை தடவை ஆனபின் கூம்பைக் கண்டாலும் அது துள்ளுவதில்லை. அவள் கழுத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு, இரண்டு தடவை வாலை மேசையில் தட்டிவிட்டுத் தூங்கிற்று.

துரை துரப்பணத்தை எடுக்கவில்லை. இன்றைக்குச் சும்மா பார்க்கத்தான் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். அவர் பஞ்சில் மேலும் மேலும் சொட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் நாயின் நெஞ்சில் விரலை வைத்து வெகுநேரம் நின்றார். பிறகு அவளைப் பார்த்து, "சூடா ஹாபிஸ்" என்றார்.

மலாயில் சூடா என்றால் ஆயிற்று, ஹாபிஸ் என்றால் தீர்ந்தது. பாசாரில் மீன் தீர்ந்தாலும் ஹாபிஸ், வேலை முடிந்தாலும் ஹாபிஸ். வைத்தியம் தீர்ந்தது என்று கேட்டதும் அவள் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. எழுந்து, கைகூப்பி, "தெரிமா காசி தொரை, தெரிமா காசி" என்று மலாயிலேயே நன்றி சொன்னாள். துரை ஒரு சீமாட்டிக்குச் செய்வதுபோல் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். அவள் வழக்கம்போல் பின்படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள்.

வெயில் ஏறியது. சமையல்காரன் ஒருமுறை எட்டிப் பார்த்தான். அவள் சிரித்தாள். அவன் சிரிக்காமல் உள்ளே போய்விட்டான். கூண்டிலிருந்த நாய்கள் குரைத்து ஓய்ந்தன. உள்ளே ஏதோ அறுக்கிற சத்தம் கேட்டது. தச்சு வேலை நடக்கிறது போல என்று நினைத்துக்கொண்டாள். இன்றைக்கு மருந்து கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது, தெளிய நேரமாகும், வீட்டுக்குப் போனதும் கஞ்சி கொடுக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே படியில் சாய்ந்திருந்தாள்.

மாரிஸ் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினான். கையில் மரப்பெட்டி. அவளைக் கண்டதும் அவனுக்கு ஆச்சரியம்.

"என்ன அக்கா, இன்னும் வீட்டுக்குப் போகலையா?"

"இன்னும் முழிக்கலைப்பா. உள்ள போனா கொஞ்சம் பாரு."

அவன் உள்ளே போனான். பெட்டி கீழே விழுந்து கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. துரையின் குரல் உயர்ந்தது. மாரிஸ் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பவுனம்மாள் அவனைக் கேட்கவில்லை. எழுந்து உள்ளே போனாள்.

மேசைமேல் சாக்குத் துணி மூடியிருந்தது. அதற்குக் கீழிருந்து கறுப்பு வால் தொங்கியது. துரை பூதக்கண்ணாடியோடு ஜன்னல் ஓரத்தில் நின்றார். அவருக்கு முன்னால் பீங்கான் தட்டில் கழுவி வைத்த எலும்புத் துண்டு ஒன்றில், பெரிய பல் ஒன்று வேரோடு குறுக்கே அறுபட்டு, வெள்ளை வெளேரென்று இருந்தது.

அவள் தட்டைப் பார்த்தாள், வாலைப் பார்த்தாள், மறுபடியும் தட்டைப் பார்த்தாள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இவ்வளவு நேரம், அறுத்த நேரமெல்லாம், சுவருக்கு அந்தப்பக்கம் தான் உட்கார்ந்திருந்தோம் என்று தெரிந்தபோது தரையில் அமர்ந்துவிட்டாள்.

துரை பதறிப்போனார். நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அந்த மனிதரும் கெட்டவர் இல்லை. அவள் எதற்காக இத்தனை நேரம் இருந்தாள் என்பதே அவருக்கு விளங்கவில்லை. அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத் தட்டை எடுத்து அவள் கண்ணெதிரில் நீட்டி, வேர்நுனியைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னார். குரலில் மகிழ்ச்சி இருந்தது.

மாரிஸ் வாசலில் நின்றபடியே தமிழில் சொன்னான். தலையை நிமிர்த்தவில்லை. "வேரு நுனியில புது எலும்பு வளந்திருக்காம் அக்கா. நல்லா ஆறிருச்சாம். இவ்வளவு நல்லா ஆறும்னு அவரே எதிர்பாக்கலையாம்."

"ஆறிருச்சுன்னா, எதுக்குக் கொன்னாரு?"

மாரிஸ் கேட்டான். துரை பதில் சொன்னார்.

"அறுத்துப் பாக்காம, உள்ள ஆறிருக்குன்னு எப்படித் தெரியும்னு கேக்குறாரு. அதோட..." மாரிஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "நாய் அவரோடதாம். மொதல்லயே கேட்டேனே, அவ வித்தாளேங்கிறாரு."

பவுனம்மாள் முதன்முறையாகத் துரையின் முகத்தைப் பார்த்தாள்.

"வித்தேன்" என்றாள். "அது சாகக் கூடாதுன்னுதானே வித்தேன்."

மாரிஸ் அதையும் இங்கிலீஷில் சொன்னான். துரை புருவத்தைச் சுருக்கினார். திரும்பச் சொல்லச் சொன்னார். மாரிஸ் திரும்பவும் சொன்னான். வார்த்தைகளெல்லாம் சரியாகத்தான் இருந்தன, ஆனால் அந்தப் பாஷையில் அதற்குப் பொருளே இல்லை. அன்றைக்குத் தவிடு கேட்டபோதே அது எதற்கென்று துரையிடம் விளக்காமல் விட்டேனே என்று மாரிஸ் நினைத்தான்.

"எப்படித் தெரியும்னா கேக்குறாரு?" என்றாள் பவுனம்மாள், தனக்குத்தானே பேசுகிறவள்போல. "என்னைக் கேட்டிருக்கலாமே. நேத்துத்தான் ஆட்டுக்காலு வாங்கிப் போட்டேன். அந்தப் பக்கத்துப் பல்லாலயே கடிச்சு நொறுக்கித் தின்னுச்சு. நான் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன்."

மாரிஸ் இதைத் துரையிடம் சொல்லவில்லை. மேசைக்குப் போய், சாக்குத் துணியை நாலாபக்கமும் இழுத்து, தலைப்பக்கம் வெளியே தெரியாதபடி இறுக்கிக் கட்டினான். தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றான். அவள் கொடுக்கவில்லை. தானே தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். மாரிஸ் பின்னாலேயே, அழுதுகொண்டே, லயம் வரைக்கும் வந்தான்.

அய்யாவு மத்தியானச் சோற்றுக்கு வந்திருந்தான். மூட்டையைப் பார்த்தான், மாரிஸைப் பார்த்தான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு நெற்றி நரம்பு புடைத்தது. பாதையில் கல் கொத்துகிற பிக்கானை மூலையிலிருந்து எடுத்துக்கொண்டான். அது குழி வெட்டவா, பங்களாவுக்குப் போகவா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. பழனியப்பனும் வந்துவிட்டார். நாயைச் சுடச் சொன்னவர், தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எங்க சார்ஜன கிட்டப் போய் எவனாலடா புடிக்க முடியும்?" என்று அய்யாவு மாரிஸின் சட்டையைப் பிடித்து உலுக்கினான். "எத்தனை பேருடா சேந்து அமுக்குனீங்க? சொல்லுடா."

பவுனம்மாள் எழுந்து வந்து புருஷன் கையை விலக்கினாள்.

"அவன விடுங்க. அவன் அங்க இல்ல" என்றாள். "தலைய நான்தான் புடிச்சிருந்தேன். வேற யாரா இருந்தாலும் கடிச்சிருக்கும்."